வில் பிடித்த கை இசை எழுதும்போது

பல ஆண்டுகள் ஒரு வாத்தியத்தை வாசித்துத் தேர்ந்த கலைஞர் எந்தக் கட்டத்தில் இசையமைப்பாளர் ஆகிறார்? தமக்கென்று ஒரு மெட்டைக் கண்டடையும் நாளிலா, அதை எழுதிவைக்கும் நாளிலா, அது அவருடையது என்று ஊர் ஒப்புக்கொள்ளும் நாளிலா? மேலைத்தேய சாஸ்திரிய இசையில் செலோ வாசித்தவர்களின் வரலாறு இந்தக் கேள்விக்குத் தெளிவான விடைகளைத் தருகிறது. அவர்களுள் மிக முக்கியமான ஒருவர் இலங்கையர். மலைநாட்டின் மேளத்தைத் தம் செலோவுக்குள் கொண்டுசென்றவர். அவர் ரொஹான் டி சேரம்.

மலைநாட்டு ராகலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை தொலைதூரத்துச் செய்தி அல்ல. வலப்பனைப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களில் பெரஹெராவுக்குக் கண்டி மேளம் முழங்குகிறது. சுற்றியுள்ள தோட்டங்களில் காமன் கூத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் இழவு வீட்டுக்கும் தப்பு முழங்குகிறது. ஒரே மலையில் ஒலிக்கும் இந்த இரண்டு தோல்வாத்தியங்களில் ஒன்று உலக மேடையின் இசை ஏட்டில் இடம்பிடித்தது. மற்றது இன்னும் அடிப்பவரின் கையோடு வாழ்ந்து, அந்தக் கையோடு மறைகிறது. இந்த வேறுபாடு எப்படி உண்டானது என்பதை அறிய, செலோவிலிருந்து தொடங்குவதே நல்லது.

செலோ தரும் பயிற்சி

செலோவுக்கு நான்கு தந்திகள். வயோலாவுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே சுருதி சேர்க்கப்படும் வாத்தியம் இது. அடிக்குரலும் அதில் உண்டு, பாடும் குரலும் உண்டு. தந்தி நால்வர் குழுவில் செலோ வாசிப்பவர் பெரும்பாலும் கீழே இருந்து மற்ற மூவரையும் தாங்குகிறார். இடையிடையே மெட்டு அவர் கைக்கு வருகிறது. ஆகவே ஓர் இசை எப்படி அடித்தளத்திலிருந்து கட்டப்படுகிறது, எந்தச் சுரம் மாறினால் மேலே உள்ள அனைத்தும் நிறம் மாறும் என்பதை அவர் காதாலும் விரலாலும் அன்றாடம் கற்கிறார். இசையமைப்பாளருக்கு வேண்டிய முதல் பயிற்சி இதுதான்.

இத்தாலியில் 1743இல் பிறந்த லூயிஜி பொக்கெரினி தேர்ந்த செலோக் கலைஞர். தந்தி ஐவர் குழுவுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஆக்கங்களை எழுதினார். அவற்றுள் பெரும்பாலானவற்றில் இரண்டு செலோக்கள் உண்டு. ஒன்று அடித்தளத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றது வயலினுக்கு நிகராக உயர்ந்து பாடியது. தம் கைக்கு முடிந்ததை அவர் வடிவமாக்கினார் என்றே இதைப் படிக்க வேண்டும். ஒப்பெரெட்டாக்களால் புகழ்பெற்ற ஜாக் ஓஃபென்பாக்கும் இளமையில் பாரிஸில் செலோக் கலைஞராகவே அறியப்பட்டார்.

பிரேசில் நாட்டு ஹெயித்தோர் வில்லா லோபோஸ் (1887–1959) நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. தந்தையே அவருக்குச் செலோ கற்பித்தார். சிறுவனின் கைக்கு ஏற்ப ஒரு வயோலாவை மாற்றியமைத்துத் தொடங்கிய பாடம் அது. பின்னர் ரியோ நகரத்துத் திரையரங்குகளிலும் நாடக அரங்குகளிலும் செலோ வாசித்துப் பிழைத்தார். தெருவில் ஷோரோ இசைக்கும் கலைஞர்களோடு கிதார் வாசித்தார். பாக்கின் இசையையும் பிரேசில் நாட்டார் இசையையும் இணைத்து 1930 முதல் 1945 வரை அவர் எழுதிய 'பாக்கியானாஸ் பிரசிலெய்ராஸ்' வரிசையில் ஒன்பது ஆக்கங்கள். முதலாவது ஒரு செலோக் கூட்டத்துக்காகவே எழுதப்பட்டது. ஐந்தாவது ஒரு பெண் குரலுக்கும் எட்டுச் செலோக்களுக்கும் உரியது. தம் ஊர்த் தெருவின் இசை உலக மேடைக்குத் தகுதியானது என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை.

கொழும்பிலிருந்து உலக மேடைக்கு

ரொஹான் டி சேரம் 1939 மார்ச்சில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்தார். வளர்ந்தது கொழும்பில். தாயார் மிரியம் கண்டி நடனம் பயின்று மேடையேறிய முன்னோடிப் பெண்களில் ஒருவர். கிராமத்துக் கலைஞர்களின் நடனத்தை ஆங்கிலம் படித்த குடும்பங்கள் தள்ளிவைத்துப் பார்த்த காலம் அது. ஆகவே செலோவோடு கண்டி மேளமும் ரொஹானின் பிள்ளைப் பருவத்திலேயே அவர் கைக்கு வந்தது.

பதினொரு வயதில் இத்தாலிக்குச் சென்று கஸ்பார் கஸ்ஸாதோவிடம் செலோ பயின்றார். 1955இல், பதினாறாம் வயதில், சுஜ்ஜியா விருது கிடைத்தது. அதன் வழியாக ஜோன் பார்பிரோலியிடமும், போர்த்தோ ரிக்கோவில் பப்லோ கசால்ஸிடமும் கற்கும் வாய்ப்பு வந்தது. 1960இல் நியூயோர்க்கின் கார்னகி அரங்கில், நியூயோர்க் ஃபில்ஹார்மொனிக் இசைக்குழுவோடு கச்சதூரியனின் செலோ கொன்சேர்ட்டோவை வாசித்தார். அதே வழியில் சென்றிருந்தால் பழைய மேதைகளின் ஆக்கங்களை வாசிக்கும் நட்சத்திரமாகவே அவர் வாழ்ந்து முடித்திருக்கலாம்.

அவர் வேறு வழியைத் தேர்ந்தார். 1970களின் இறுதியில் லண்டனின் ஆர்டிட்டி நால்வர் குழுவில் சேர்ந்து 2005 வரை அதில் வாசித்தார். வாழும் இசையமைப்பாளர்களின் புதிய ஆக்கங்களுக்காகவே இயங்கிய குழு அது. செனாக்கிஸ், லிகெட்டி, எலியட் கார்ட்டர் போன்றோரின் கடினமான ஆக்கங்கள் அவர் வில்லில் வடிவம் பெற்றன. கார்ல்ஹைன்ஸ் ஸ்டொக்ஹவுசனின் ஹெலிகொப்டர் நால்வர் ஆக்கம் 1995இல் ஆம்ஸ்டர்டாமில் அரங்கேறியபோது நான்கு கலைஞர்களும் தனித்தனி ஹெலிகொப்டரில் வானத்தில் இருந்து வாசித்தார்கள். அவர்களில் செலோக் கலைஞர் டி சேரம்.

புதிய இசையை முதன்முதலில் வாசிப்பவர் அதை எழுதியவரோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். இந்த ஒலி செலோவில் எழுமா, இந்த விரல் இங்கிருந்து அங்கே போய்ச் சேருமா, வில்லை எங்கே வைத்தால் வேண்டிய ஓசை வரும் என்ற கேள்விகளுக்கு விடை வாசிப்பவரின் கையில் இருக்கிறது. அந்த விடை இசை ஏட்டை மாற்றுகிறது. ஏட்டின் மேல் அச்சாகும் பெயர் ஒருவருடையது. உள்ளே இருக்கும் அறிவு இருவருடையது.

பெரியோவின் பதினான்காவது செக்குவென்ஸா

இதற்கு மிகச் சிறந்த சான்று இத்தாலிய இசையமைப்பாளர் லுச்சானோ பெரியோ எழுதிய 'செக்குவென்ஸா' பதினான்கு. தனி வாத்தியத்துக்கான செக்குவென்ஸா வரிசையைப் பெரியோ 1958இல் புல்லாங்குழலோடு தொடங்கினார். பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரு வாத்தியத்தின் எல்லையை அளந்து பார்ப்பது. பல, ஒரு குறிப்பிட்ட கலைஞரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. செலோவுக்குரியது 2002இல் வந்தது. அது டி சேரத்துக்காக எழுதப்பட்டது. அவரே ஜேர்மனியின் விட்டனில் அதை அரங்கேற்றினார். அடுத்த ஆண்டு பெரியோ மறைந்தார். வரிசை அத்துடன் நின்றது.

டி சேரத்திடமிருந்து கண்டி மேளத்தின் தாளங்களை அறிந்துகொண்ட பெரியோ அவற்றைச் செலோவுக்குள் வைத்தார். கெட்டபெரய எனப்படும் கண்டி மேளம் இரண்டு முகமும் இரண்டு கையாலும் வாசிக்கப்படுவது. இரு முகங்களுக்கும் தோல் வேறு, ஓசையும் வேறு. தத், ஜித், தொன், நன் என்ற நான்கு சொற்கள் அதன் அடிப்படைப் பாடம். நம் மிருதங்கச் சொற்கட்டைக் கேட்டுப் பழகியவருக்கு இந்த முறை அயலானதாகத் தோன்றாது. செக்குவென்ஸாவில் செலோக் கலைஞர் வில்லைத் தாழ்த்திவிட்டு, இடது விரல்களால் தந்தியைத் தட்டிச் சுரமெழுப்பிக்கொண்டே வலது கையால் வாத்தியத்தின் மரவுடலை அடிக்கிறார். ஐரோப்பாவில் வில்லால் பாடிய வாத்தியம் சில நிமிடங்கள் மலைநாட்டு மேளமாகிறது.

ஏட்டில் பெயர் பெரியோவுடையது. அது சரியே. வடிவமும் வளர்ச்சியும் அவர் தந்தவை. ஆனால் கண்டி மேளம் கற்ற ஒரு செலோக் கலைஞர் இல்லாவிட்டால் அந்த ஆக்கம் இந்த உருவில் பிறந்திருக்காது. அந்தக் கலைஞர் மேளத்தைக் கற்பதற்கு முன்னால், பெயர் எங்கும் அச்சாகாத பல தலைமுறை மேளக்காரர்கள் அந்தத் தாளங்களைத் திருத்தித் திருத்திச் செம்மையாக்கியிருந்தார்கள். ஆக்கத்துக்குப் பின்னால் நிற்கும் இந்த மூன்று அடுக்குகளில் மேலே இருப்பது மட்டும் அட்டையில் தெரிகிறது.

இதன் தொடர்ச்சியும் கவனிக்கத்தக்கது. இத்தாலியக் கொன்ட்ராபாஸ் கலைஞர் ஸ்தெஃபனோ ஸ்கொதனிப்பியோ இந்த ஆக்கத்தைத் தம் வாத்தியத்துக்கு ஏற்ப 2004இல் மாற்றியமைத்தார். அவரும் வாசிப்பவராகத் தொடங்கி இசையமைப்பாளராக வளர்ந்தவர். அந்த வடிவம் பதினான்கு 'பி' என்று வரிசையிலேயே இடம்பெற்று, அவர் பெயரையும் தாங்குகிறது. வாசிப்பவரின் உழைப்பை ஏட்டிலேயே பதிவுசெய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

டி சேரம் தாமே ஏடெழுதும் இசையமைப்பாளராகப் பெயரெடுக்கவில்லை. எழுதப்பட்ட தாள் எதுவும் இல்லாமல் கூடி இசைக்கும் லண்டனின் ஏ.எம்.எம். குழுவோடு வாசித்தார். 1987இல் வெளிவந்த அக்குழுவின் இசைத்தட்டில் அவர் செலோ ஒலிக்கிறது. அந்த நேரத்தில் பிறந்து அந்த நேரத்திலேயே முடியும் இசை அது. வாசிப்பதும் இயற்றுவதும் அங்கே ஒரே செயல். 2005இல் இலங்கை அரசு அவருக்குத் தேசமான்ய விருதளித்தது. 2024இல் அவர் காலமானார். தமிழில் அவரைப் பற்றிப் பரவலாக எழுதப்படாதது பெரிய குறை. நம் மலையின் ஓசையை உலகின் மிகக் கடினமான இசை ஏடுகளில் ஒன்றுக்குக் கொண்டுசென்றவர் அவர்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின்கள்

தமிழர் பக்கமும் ஒரு குடும்பம் உண்டு. வயலின் வித்துவான் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பினார். மைந்தர்கள் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் மூவரும் தந்தையிடம் வயலின் கற்றார்கள். மூவரும் இசையமைப்பாளர்கள் ஆனார்கள்.

வைத்தியநாதன் திரையிசைக்குப் போனார். 1982இல் வந்த 'ஏழாவது மனிதன்' படத்தில் பாரதியின் பாடல்களுக்கு அவர் அமைத்த இசை இன்றும் பேசப்படுகிறது. சுப்பிரமணியம் வேதம் ஓதும் ஒலியை அடிப்படையாகக் கொண்டு வயலினுக்கும் பெரும் இசைக்குழுவுக்கும் எழுதிய ஆக்கத்தை 1985இல் சுபின் மேத்தாவின் தலைமையில் நியூயோர்க் ஃபில்ஹார்மொனிக் வாசித்தது. சங்கர் இன்னொரு வழியில் போனார். பத்துத் தந்தி கொண்ட இரட்டை வயலினை உருவாக்கினார். வயலின் முதல் வயோலா, செலோ, கொன்ட்ராபாஸ் வரையுள்ள ஒலிப்பரப்பு முழுவதும் அந்த ஒரே வாத்தியத்தில் அடங்கும். மனத்தில் கேட்ட இசைக்கு இருக்கும் வாத்தியம் போதாதபோது வாத்தியத்தையே புதிதாகச் செய்துகொண்டார்.

இந்தக் குடும்பத்துக்கு இருந்த பலங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டில் குரு இருந்தார். கையில் கர்நாடக இசை இருந்தது. வெளிநாட்டில் உயர்கல்வி கற்கும் வாய்ப்பு இருந்தது. தம் மனோதர்மத்தை ஏட்டில் எழுதி, நூறு பேர் கொண்ட குழுவின் முன் வைக்கும் எழுத்துமுறை தெரிந்திருந்தது. கையறிவு எல்லாத் தேர்ந்த வித்துவான்களுக்கும் உண்டு. அதை எழுத்தாக்கும் வசதி சிலருக்கே வாய்த்தது.

எழுத்து ஒன்றே வழி என்றும் சொல்லிவிட முடியாது. நாதஸ்வர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனை எந்த ஏட்டிலும் எழுதி வாசிக்கப்பட்டதன்று. ஆனாலும் தமிழ் இரசிகர்கள் அதை அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். இசைத்தட்டு அந்தத் தோடியைப் பிடித்து வைத்தது, உறையில் அவர் பெயரை அச்சிட்டது, ஊர்தோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. பதிவும் பெயரும் சேர்ந்தபோது வாசிப்பே ஆக்கமாக நிலைத்தது.

ஒரு செலோக் கலைஞரின் இன்றைய வளர்ச்சி

இன்றைய தலைமுறையில் இந்தப் பாதையை முழுமையாக நடந்து காட்டியவர் ஐஸ்லாந்தின் ஹில்டுர் குவுட்நாடொட்டிர். 1982இல் பிறந்தவர். ஐந்து வயதில் செலோ தொடங்கினார். 2006 முதல் தமது தனி இசைத்தொகுப்புகளை வெளியிட்டார். அதே காலத்தில் இசையமைப்பாளர் யோஹான் யோஹான்சனின் படங்களுக்குச் செலோ வாசித்தார். 2015இல் வந்த 'சிக்காரியோ' அவற்றில் ஒன்று. பிறர் இசையில் வாசித்துக்கொண்டே தம் இசையையும் வளர்த்த ஆண்டுகள் அவை.

2019இல் 'செர்னோபில்' தொடருக்காக, மூடப்பட்ட லித்துவேனிய அணுமின் நிலையம் ஒன்றுக்குள் ஒலிப்பதிவு செய்து, அங்கே கிடைத்த ஒலிகளிலிருந்து இசையைக் கட்டினார். அதற்கு எமி விருது. 'ஜோக்கர்' படத்துக்குப் படப்பிடிப்புக்கு முன்பே, திரைக்கதையை மட்டும் படித்துவிட்டுச் செலோவோடு உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். அந்த இசை படப்பிடிப்புத் தளத்தில் ஒலிக்க, அதைக் கேட்டே நாயகன் வாக்கீன் ஃபீனிக்ஸ் கழிவறைக் காட்சியில் நடனமாடினார். 2020 பெப்ரவரியில் ஒஸ்கார் விருது கிடைத்தது. முதலில் வில் தந்தியில் தேடியது, பிறகு ஏடு வந்தது, அதன் பின் பெரிய குழு வந்தது. இசையமைப்பாளர் ஆன பிறகும் அவர் செலோவை விட்டுவிடவில்லை. அவர் சிந்திப்பதே செலோவில்தான்.

பொக்கெரினி முதல் ஹில்டுர் வரை இவர்களில் பெரும்பாலோர் வாத்தியத்தைத் துறந்து இசையமைக்கப் போகவில்லை. கை அறிந்ததையே ஆழப்படுத்தினார்கள். அந்த அறிவு ஆக்கமாக உலகில் நிலைக்க மூன்று துணைகள் வேண்டியிருந்தன. அதைப் பிடித்துவைக்க எழுத்தோ ஒலிப்பதிவோ வேண்டும். அதன் மேல் ஆக்கியவரின் பெயர் இருக்க வேண்டும். பெயரை மதித்து மேடை தரும் நிறுவனம் வேண்டும்.

தப்புக் கலைஞரின் கை

இந்த மூன்றையும் அளவாக வைத்துக்கொண்டு ராகலைத் தோட்டங்களின் தப்பைப் பார்ப்போம். மரவளையத்தில் இழுத்துக் கட்டிய தோலைத் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றி, இரண்டு குச்சியால் அடிக்கும் வாத்தியம் இது. ஒரு காலத்தில் விடியலில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்கு ஆட்களை எழுப்பியதும் இந்த ஒலிதான். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்ட நெடுங்கவிதை விடியற்கால மேள ஒலியோடுதான் தொடங்குகிறது. திருவிழாவுக்கு ஓர் அடி, இழவுக்கு வேறோர் அடி, மாசி மாதத்துக் காமன் கூத்தில் காட்சிக்குக் காட்சி வேறு வேறு அடி. எங்கே வேகம் கூட்டுவது, எங்கே நிறுத்துவது, ஆடுபவரின் காலைப் பார்த்து எப்படித் திருப்பம் வைப்பது என்பதை அடிப்பவர் அந்தக் கணத்தில் முடிவுசெய்கிறார். லண்டன் மேடையில் தாளில்லாமல் இசைத்த குழுவைப் புதுமை இசை என்று உலகம் கொண்டாடியது. அதே படைப்புத் திறன் லயத்து முற்றத்தில் நெடுங்காலமாக இருக்கிறது.

கையறிவு குறைவில்லை. குறைந்தது மற்ற மூன்றும். மலைநாட்டு மக்களின் பாடல்களை வேலுப்பிள்ளை போன்றோர் தேடித் தொகுத்ததால் வரிகளாவது அச்சில் கிடைக்கின்றன. அந்த வரிகளுக்குக் கிடைத்த கவனம் தப்பின் அடிகளுக்குக் கிடைக்கவில்லை. எந்த அடியை எந்தத் தோட்டத்தில் யார் திருத்தினார், யாரிடம் கற்றார் என்ற விவரம் அந்தந்தக் குடும்பங்களுக்கு வெளியே தெரியாது. இதன் முதன்மைக் காரணம் சாதி. தப்படிப்பவரைத் தாழ்த்திவைத்த சமூகம் அவர் கலையையும் தாழ்த்தியது. அடி வேண்டும், அடிப்பவர் வேண்டாம் என்று நடந்துகொண்டது.

கண்டி மேளத்தின் வரலாறும் இதிலிருந்து முற்றிலும் வேறானதன்று. அதை வாசித்தவர்களும் சிங்களச் சாதி அடுக்கில் தாழ்த்தப்பட்டவர்களே. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் அந்தக் கலை பாடசாலைக்குள் சென்றது, பாடத்திட்டம் பெற்றது, தேசத்தின் அடையாளமாக அரசு விழாக்களில் முன்னே நின்றது. வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளை ஒருவர் செலோவோடு சேர்த்து அதையும் கற்கும் நிலை வந்தது இந்த மாற்றத்தின் தொடக்கத்தில்தான். மதிப்புக் கிடைத்த பிறகே ஏட்டில் இடம் கிடைத்தது. தப்புக்கு அந்த வாய்ப்பை நாம் இன்னும் தரவில்லை. நம் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்குக் கர்நாடக சங்கீதமோ மேலைத்தேய சங்கீதமோ எடுக்க முடியும். தம் தோட்டத்துத் தப்பை அவர்கள் ஒரு பாடமாகக் கற்க முடியாது.

சட்டம் இந்த இடத்தில் ஓரளவு துணை நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துநரின் உரிமையை ஏற்கிறது. நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு. ஆனால் பெயரும் பதிவும் இல்லாத கலைஞர் அந்த உரிமையைக் கோரி எங்கே போய் நிற்பார்? நாளை ஒரு திரைப்பட இசையமைப்பாளர் ராகலைத் தப்பின் அடியொன்றைத் தம் பாடலில் வைத்தால், அது இன்னாருடைய அடி என்று காட்ட நம்மிடம் இன்று எதுவும் இல்லை.

செய்ய வேண்டியது

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஆசிரிய மாணவர்களும், தோட்டப் பாடசாலைகளின் சங்கீத ஆசிரியர்களும், பல்கலைக்கழகம் போன நம் பிள்ளைகளும் இதைத் தொடங்க முடியும். கலைஞரின் சம்மதத்தைக் கேட்டு, அவருக்கு உரிய ஊதியத்தைக் கொடுத்து, அவர் அடிகளை ஒவ்வொன்றாகக் கைத்தொலைபேசியிலாவது பதிவுசெய்யுங்கள். அடிக்கு அவர் சொல்லும் பெயர், அவர் பெயர், கற்பித்தவரின் பெயர், தோட்டம், டிவிஷன், சந்தர்ப்பம், தேதி ஆகிய எல்லாவற்றையும் எழுதுங்கள். அடிகளை அவர் வாயால் சொல்லும் சொற்கட்டிலேயே எழுதிவையுங்கள். ஒரு பிரதியை அவர் குடும்பத்திடம் கொடுங்கள், இன்னொன்றை நூலக நிறுவனத்தின் எண்ணிம ஆவணகம் போன்ற பொது இடத்தில் சேருங்கள். செலோவும் வயலினும் கற்கும் தமிழ்ப் பிள்ளைகள் அந்தப் பதிவுகளைக் கேட்கட்டும். அவற்றிலிருந்து புதிய இசை எழுதுபவர்கள் அட்டையில் தம் பெயருக்குப் பக்கத்தில் தப்புக் கலைஞரின் பெயரையும் அச்சிடட்டும். அந்தப் பெயர்களை எழுதத் தொடங்கும் பொறுப்பு அரசுக்கோ வெளிநாட்டு ஆய்வாளருக்கோ உரியதல்ல. அது நம்முடையது. வரும் மாசியில் காமன் கூத்து நடக்கும் தோட்டத்திலேயே அதைத் தொடங்கலாம்.